அம்மாவை பேலியேட்டிவ் வார்டுக்கு மாற்றச் சொல்கிறார்கள், அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை

செந்தூல்மகள் | திங்கள், இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. பதற்றத்தில் எழுதுகிறேன், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 63 வயது. நான்கு வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இரண்டு வருடம் நன்றாக இருந்தார். போன வருடம் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவியது. இப்போது கல்லீரல், நுரையீரல். மாற்றிக் கொடுத்த கீமோவும் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டார். கோலாலம்பூரில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் பத்து நாளாக இருக்கிறார். முதுகு வலியில் படுக்க முடியாமல் இரவெல்லாம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இன்று காலை டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். "இனிமேல் கீமோ கொடுத்தால் உடம்பு தாங்காது. பேலியேட்டிவ் டீமிடம், அதாவது வலியையும் மற்ற தொல்லைகளையும் தணிக்கும் குழுவிடம், சொல்லியிருக்கிறேன், அவர்கள் வார்டில் கட்டில் கிடைத்ததும் மாற்றலாம்" என்றார். அதற்குள் அவருக்குப் போன் வந்தது, போய்விட்டார். அம்மாவிடம் "வலிக்குத் தனி வார்டு இருக்காம், அங்க மாத்துறாங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். போனில் சொன்னதும் கத்திவிட்டான். "சாகறவங்களக் கொண்டுபோய்ப் போடுற இடம் அது. நீயே அம்மாவ அனுப்பி வைக்கிறியா?" என்றான். தனியாருக்கு மாற்றி இன்னொரு கீமோ பார்க்கலாம், வீட்டை அடகு வைக்கலாம் என்கிறான். அம்மா பிழைத்தால் பத்துமலையில் காவடி எடுப்பதாக வேண்டியிருக்கிறான். இந்த வார்டுக்குச் சம்மதித்தால் வேண்டுதலை நாமே முறித்த மாதிரியாம்.

அந்த வார்டுக்குப் போனால் திரும்பி வரவே முடியாதா? போனவர்கள், பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ரவாங் மிஸ்ஸி | செவ்வாய், அதிகாலை 5.15

தங்கச்சி, நான் 31 வருடம் அரசு ஆஸ்பத்திரிகளில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வு பெற்றவள். கடைசி எட்டு வருடம் பேலியேட்டிவ் வார்டில்தான் வேலை. உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன், முதலில் இன்று காலை செய்ய வேண்டியது ஒன்று.

அம்மா இரவெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வலி அவருடைய சார்ட்டில் எழுதப்பட்டிருக்கிறதா? காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு பார்ப்பதைப் போல வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாக அளந்து எழுதும் முறையை 2008-இல் சுகாதார அமைச்சு கொண்டுவந்தது. பூஜ்யத்திலிருந்து பத்துவரை எத்தனை என்று மிஸ்ஸி கேட்பார். ஆனால் நம் அம்மாக்கள் என்ன சொல்வார்கள் தெரியுமா? "ஓகே லா மிஸ்ஸி, சக்கிட் சிக்கிட்", கொஞ்சம்தான் வலி என்று மலாயில் சொல்வார்கள். சார்ட்டில் 2 என்று விழும். 2 போட்டவருக்கு பெனடோல் மாத்திரைக்கு மேல் யார் கொடுப்பார்கள்? தோட்டத்தில் வளர்ந்த எத்தனையோ பெண்களை இப்படிப் பார்த்திருக்கிறேன். வலியைச் சொல்வது அடுத்தவருக்குத் தொல்லை கொடுப்பது என்று நினைத்தே வாழ்ந்தவர்கள். நீங்கள் கவுண்டருக்குப் போய் "என் அம்மா நேற்றிரவு தூங்கவே இல்லை" என்று நேராகச் சொல்லுங்கள். ரவுண்டு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. திரும்பி வர முடியும். எங்கள் வார்டுக்கு வந்தவர்களில் நிறையப் பேர் வலியையோ வாந்தியையோ மூச்சுத்திணறலையோ கட்டுப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சிலர் இரண்டு மூன்று தடவை வந்து போனார்கள். அங்கேயே முடிந்தவர்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அது ஆளைக் கொண்டுபோய்ப் போடும் இடம் கிடையாது. மற்ற வார்டில் டாக்டர் கட்டிக்கு மருந்து பார்ப்பார், இங்கே அந்த ஆளுக்கு என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். வயிறு போகிறதா, வாய் வறண்டிருக்கிறதா, எதை நினைத்து அழுகிறார், வீட்டில் படி எத்தனை என்பதுவரை கேட்பார்கள்.

எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை கொடுக்கும் கதிர்வீச்சுகூட உண்டு. பேலியேட்டிவ் டீமிடம் போனால் அதெல்லாம் நின்றுவிடாது. அம்மாவுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள்.

கிள்ளான் மூத்தவன் | செவ்வாய், காலை 8.02

தங்கச்சி, உங்கள் அண்ணன் பேசுவதைப் படித்தபோது நான் பேசியதைக் கேட்ட மாதிரி இருந்தது. அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். அரசு ஆஸ்பத்திரியில் பேலியேட்டிவ் என்றதும் நான் சண்டை போட்டு ஒரு தனியார் மருத்துவமனைக்கு மாற்றினேன். சேமநிதிப் பணம், அக்காவின் நகை, எல்லாம் போட்டோம். அங்கே கீமோ தந்தார்கள். நான் கேட்டேன், தந்தார்கள். மூன்றாவது டோஸ் முடிந்த ஏழாம் நாள் தொற்று வந்து ஐசியூ. தொண்டையில் குழாய். கடைசி ஒன்பது நாள் அப்பாவால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. ஏதோ எழுதிக் காட்டக் கையை அசைத்தார், பேனாவைப் பிடிக்கக் கையில் பலமில்லை. அது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பணத்தைச் சொல்லவில்லை தங்கச்சி. அந்த ஒன்பது நாளைச் சொல்கிறேன். உங்கள் அண்ணனுக்கு என்னிடம் பேச விருப்பமிருந்தால் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள், நானே அழைக்கிறேன்.

பட்டர்வொர்த்காரன் | செவ்வாய், காலை 10.30

வார்டு மாற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அம்மாவிடம் எதையும் சொல்லாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். வலிக்கான வார்டு என்றே இருக்கட்டும்.

என் அப்பாவுக்கு நுரையீரலில். இங்கே ஒரு டாக்டர் கட்டிலைச் சுற்றி மாணவர்கள் நிற்க, திரையைக்கூட இழுக்காமல் "இது குணமாகாது, ஆறு மாதம் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அன்றிலிருந்து சாப்பாட்டைக் கையில் தொடவில்லை. ஏழு வாரத்தில் போய்விட்டார். நோய் பாதி, அந்தச் சொல் பாதி. சிலருக்குத் தெரியாமல் இருப்பதே மருந்து. நம் மக்களுக்கு இப்படித்தான் சரிவரும்.

ரவாங் மிஸ்ஸி | செவ்வாய், மதியம் 1.10

தம்பி, உங்கள் அப்பாவுக்கு நடந்தது தவறு. படிக்கும்போதே கை நடுங்கியது. திரையை இழுத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, "உங்களுக்கு இதுவரை என்ன சொல்லியிருக்கிறார்கள், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்" என்று கேட்டுவிட்டுத்தான் பேசவேண்டும். தெரிய வேண்டாம் என்பவரிடம் யாரும் திணிக்கக்கூடாது, அது அவருடைய உரிமை. ஆனால் தெரிய வேண்டாம் என்பதை அவர்தானே சொல்லவேண்டும்? பிள்ளைகள் முடிவு செய்துவிட்டால், அவர் யாரிடமும் கேட்க முடியாமல் தனியாக இருப்பார்.

நான்காம்நிலை | செவ்வாய், மாலை 4.45

நான் பினாங்கு, ஆயர் ஈத்தாம். 48 வயது. குடல் புற்றுநோய், கல்லீரலுக்குப் போய்விட்டது, நான்காம் நிலை. இந்த இழையில் பிள்ளைகள் பேசுகிறீர்கள், மிஸ்ஸி பேசுகிறார். படுத்திருப்பவர்கள் பக்கத்திலிருந்து ஓர் ஆளாவது பேசவேண்டும் என்று எழுதுகிறேன்.

எங்களுக்குத் தெரியும். உடம்பு எங்களுடையது. முதலில் என் கணவரும் மாமியாரும் மறைத்தார்கள். நான் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். தொலைக்காட்சியின் சத்தம் கூடும். அவர்களுக்காக நானும் தெரியாதவளாக நடித்தேன். அந்த இரண்டு மாதம் எனக்குக் கீமோவைவிடக் கஷ்டமாக இருந்தது. தெரிந்ததை எல்லாரும் பேசத் தொடங்கிய பிறகுதான் மகளின் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன், என் கைபேசிக் கடவுச்சொல் என்று எத்தனையோ காரியத்தை முடித்தேன். வேலை செய்ய இயலாது என்று டாக்டர் எழுதித் தந்ததால் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தேன், அதே காரணத்தைக் காட்டிச் சேமநிதியையும் எடுத்தேன். எல்லாரும் நடித்துக்கொண்டே இருந்திருந்தால் இதில் ஒன்றாவது நடந்திருக்குமா?

ஒன்பது மாதமாக பேலியேட்டிவ் கிளினிக்குக்குப் போகிறேன். புற்றுநோய்க் கிளினிக்கும் கூடவே போகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம் என்று எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை.

உங்கள் அண்ணனிடம் ஒன்று கேளுங்கள் தங்கை. நானும் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தவள்தான். அம்மா வலியில்லாமல் தூங்கவேண்டும் என்று முருகனிடம் கேட்டால் அது வேண்டுதலில் சேராதா?

செந்தூல்மகள் | புதன், இரவு 12.20

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. மிஸ்ஸி அக்கா, நேற்றுக் காலையே கவுண்டரில் சொன்னேன். வந்து கேட்டபோது அம்மா நீங்கள் சொன்ன மாதிரியேதான், "சிக்கிட் சக்கிட்" என்றார். நான் குறுக்கே புகுந்து "ஒன்பது" என்றேன். அம்மா என்னை முறைத்துவிட்டு, அப்புறம் மெதுவாகத் தலையை ஆட்டினார். மதியம் பேலியேட்டிவ் டீமிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். மார்ஃபின் சிரப் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கப்புறம் நான்கு மணி நேரம் தூங்கினார்.

இப்போது பயம் வேறு. மார்ஃபின் என்றால் கடைசி மருந்து, பழகிவிடும், மூச்சை நிறுத்திவிடும் என்று சித்தி அழுகிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான்காம்நிலை அக்கா எழுதியதைப் படித்ததிலிருந்து நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது. இந்த ஒரு வருடமாக டாக்டரின் ஆங்கிலத்தை அம்மாவுக்குத் தமிழில் சொல்பவள் நான்தான். "பரவியிருக்கிறது" என்று அவர் சொன்னால் "கொஞ்சம் வீக்கம் இருக்காம்மா" என்பேன். "மருந்து வேலை செய்யவில்லை" என்றால் "வேற மருந்து தரப்போறாங்க" என்பேன். அம்மா டாக்டரிடம் "எனக்குக் குணமாகுமா என்று கேள்" என்று ஒரு தடவை சொன்னார். நான் டாக்டரிடம் பசிக்கு மருந்து கேட்டேன். அவர் ஏதோ பதில் சொன்னார். நான் அம்மாவிடம் "ஆகும்னு சொல்றாரும்மா" என்றேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

மருந்தகத்துப் பெண் | புதன், காலை 7.30

மார்ஃபின் பற்றி நான் சொல்கிறேன், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இதைக் கையாள்வதுதான் என் வேலை.

சிரப் உள்ளே போய் வேலை செய்து ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் தேய்ந்துவிடும். அதனால்தான் நான்கு மணிக்கொரு தடவை என்று எழுதுவார்கள். வலி வந்தபின் கொடுக்கும் மருந்தாக இதைப் பார்க்காதீர்கள், வலி வராமலிருக்க மணி பார்த்துக் கொடுப்பது. இடையில் வலி கிளம்பினால் கொடுக்க ஓர் அளவு தனியாக எழுதியிருப்பார்கள். அதை எத்தனை தடவை கொடுத்தீர்கள் என்று நோட்டில் குறித்து வையுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் டாக்டர் அடுத்த நாள் அளவை மாற்றுவார். அளவு நிலைத்ததும் பன்னிரண்டு மணி நேர மாத்திரைக்கு மாற்றுவதும் உண்டு.

முதல் இரண்டு மூன்று நாள் மயக்கமாக இருக்கும், குமட்டும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகாது. மார்ஃபின் இருக்கும்வரை மலமிளக்கியும் இருக்கவேண்டும். அதை எழுதாமல் விட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மார்ஃபின் உடம்பில் தேங்கும். கை கால் வெட்டி இழுக்கும், குழப்பமாகப் பேசுவார்கள். உடனே சொல்லுங்கள், வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.

மூச்சை நிறுத்துமா என்றால், குறைந்த அளவில் தொடங்கி வலியைப் பார்த்துப் பார்த்து ஏற்றும்போது அது மிக அரிது. சொல்லப்போனால் நுரையீரல் புற்றுநோயில் வரும் மூச்சுத்திணறலைத் தணிக்கவே இதைச் சின்ன அளவில் கொடுக்கிறோம். வலிக்காக எடுப்பவர் போதைக்கு அடிமையாவதும் அரிதுதான். உடம்பு பழகும், அது வேறு. அதனால் திடீரென்று நிறுத்தக்கூடாது. சித்தியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

மருந்தைவிட அது தாமதமாக வருவதுதான் எனக்குக் கவலை. கடைசி வாரத்தில்தான் மருந்துச் சீட்டு வரும். அப்போது மார்ஃபின் கொடுத்து ஆள் இறந்தால், மார்ஃபின்தான் கொன்றது என்று அந்தக் குடும்பம் நம்பிவிடும். அடுத்த ஆளுக்கு வலி வரும்போதும் வேண்டாம் என்பார்கள்.

ரவாங் மிஸ்ஸி | புதன், காலை 9.00

மருந்தகத்துப் பெண் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

தங்கச்சி, மொழிபெயர்த்தது பற்றி. உங்களை நான் குறை சொல்லமாட்டேன். பெற்ற தாயிடம் அந்தச் சொல்லைச் சொல்லும் வேலையை ஆஸ்பத்திரி ஒரு மகளிடம் கொடுத்திருக்கக்கூடாது. குடும்பத்தாரை மொழிபெயர்ப்பாளராக வைத்துப் பெரிய செய்தியைச் சொல்லாதே என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்வார்கள். வேலை நெருக்கடியில் அது நடப்பதில்லை. டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த மிஸ்ஸியோ ஹவுஸ்மேன் எனும் பயிற்சி டாக்டரோ எங்காவது இருப்பார்கள். நீங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மகளாக மட்டும் உட்காருங்கள்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்கு மலாய் தெரியாதா?

கெப்போங் தம்பி | புதன், மதியம் 12.15

எல்லாரும் அந்த வார்டு நல்லது என்கிறீர்கள். எங்கள் பெரியம்மாவுக்கு அப்படிச் சொன்னபோது, இனி எங்களால் ஆகாது, கட்டிலைக் காலி செய்யுங்கள் என்று சொன்ன மாதிரிதான் கேட்டது. கீமோ டாக்டர் அதற்கப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வருடம் பார்த்தவர் அவர். அந்தக் கோபம் எங்களுக்கு இன்னும் இருக்கிறது. பேலியேட்டிவில் சேர்த்துக்கொண்டால் உயிர் சீக்கிரம் போய்விடும் என்ற பயமும் இருந்தது.

ரவாங் மிஸ்ஸி | புதன், இரவு 8.40

கோபம் நியாயம் தம்பி. மாற்றுவது ஒன்று, கைகழுவுவது வேறொன்று. மூன்று வருடம் பார்த்த டாக்டர் ஒரு நாள் வந்து கட்டிலோரம் நின்றுவிட்டுப் போனாலே போதும், நோயாளியின் முகம் தெளிந்துவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

சீக்கிரம் போய்விடும் என்ற பயத்துக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். அமெரிக்காவில் போஸ்டனில் 151 நுரையீரல் புற்றுநோய் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். 2010-இல் வெளிவந்த ஆய்வு. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், இன்னொன்றுக்குத் தொடக்கத்திலிருந்தே பேலியேட்டிவும் கூட. பேலியேட்டிவ் சேர்ந்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவு, கடைசிக் கட்டத்தில் கடும் சிகிச்சைகளும் குறைவு. வாழ்நாளின் நடுமதிப்பு அவர்களுக்கு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். உங்கள் அம்மாவுக்கும் நாள் கூடும் என்று வாக்குக் கொடுக்க இதைச் சொல்லவில்லை தங்கச்சி, அவருக்குத் தாமதமாகத்தான் வந்திருக்கிறது. சீக்கிரம் கொல்லும் என்பது பொய் என்று காட்டவே சொல்கிறேன்.

செந்தூல்மகள் | சனி, மாலை 6.05

அண்ணன் வியாழன் இரவு பஸ் ஏறி வந்துவிட்டான். கிள்ளான் அண்ணனிடம் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறான். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை. நேற்று டாக்டரம்மாவுடன் எங்களுக்குச் சந்திப்பு.

மிஸ்ஸி அக்கா கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். அம்மாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். ரவாங் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர், இருபது வருடம் பள்ளிக் கேண்டீனில் சமைத்தவர். சந்தையில் மீன்காரரோடு மலாயில் பேரம் பேசுவார். நானும் டாக்டரும்தான் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். அம்மாவுக்குத் தெரிந்த மொழியில் யாரும் அம்மாவோடு பேசவில்லை. இது இத்தனை நாள் எனக்கு உறைக்கவே இல்லை.

டாக்டரம்மா சீனப் பெண். நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு நேராக உட்கார்ந்து மலாயில், "மக்சிக் (அத்தை), உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். அண்ணன் எழுந்துவிட்டான். அம்மா கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னார். அப்புறம் சொன்னார், இது எலும்புக்குப் போய்விட்டது, வயிற்றுக்கும் போய்விட்டது, இனி மருந்து பிடிக்காது. பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மா எல்லாவற்றையும் அவருக்கு விளக்கியிருக்கிறார். அந்த அம்மாவும் அதே நோயில் அதே வார்டுக்குப் போய் வந்தவராம். என் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்றுதான் நான் கேட்கவில்லை என்றார்.

அப்புறம் "பெராப்பா லாமா லாகி, டாக்டர்?" என்று கேட்டார். இன்னும் எவ்வளவு நாள்? டாக்டரம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நாளை எண்ணிச் சொல்ல முடியாது, ஆனால் மாதக்கணக்கைவிட வாரக்கணக்காக இருக்கும் என்று நினைக்கிறேன் என்றார். அம்மா அழவில்லை. அண்ணன்தான் அழுதான், அம்மா மடியில் தலையை வைத்துக்கொண்டு. நான் அம்மாவிடம், டாக்டர் ஆகும்னு சொன்னாருன்னு சொன்னது பொய் என்றேன். "தெரியும்டி, நீ பொய் சொன்னா மூக்கத் தொடுவ" என்றார்.

காவடி பற்றி அவரே பேசினார். "எனக்குத்தானே வேண்டிக்கிட்ட. வலி தீர்ந்தா எடு" என்று அண்ணனிடம் சொன்னார்.

இன்று காலை மாற்றினார்கள்.

நான்காம்நிலை | சனி, இரவு 9.30

படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் கையை என் சார்பில் ஒரு தடவை பிடித்துவிடுங்கள் தங்கை.

பட்டர்வொர்த்காரன் | ஞாயிறு, காலை 7.50

அப்பாவிடமும் யாராவது இப்படி உட்கார்ந்து கேட்டிருக்கலாம். வேறு ஒன்றும் எழுத வரவில்லை. அம்மாவுக்கு என் வணக்கம்.

செந்தூல்மகள் | வியாழன், இரவு 10.15

ஐந்து நாளாகிறது. இங்கே எப்படி என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

பார்க்க மற்ற வார்டைப் போலத்தான் இருக்கிறது, சத்தம் மட்டும் குறைவு. இரண்டு நாள் வாந்தி அதிகமாகி வாயால் மருந்து தங்கவில்லை. தோலுக்கடியில் சின்ன ஊசி போட்டு, கையளவு பம்ப் ஒன்றில் 24 மணி நேரத்துக்கான மருந்தை ஏற்றினார்கள். பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். நேற்று வாந்தி நின்று சிரப்புக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு தடவை கதிர்வீச்சும் கொடுத்தார்கள், பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கலாமாம். மூச்சு வாங்கும்போது முகத்துக்கு நேராகச் சின்ன மின்விசிறியைக் காட்டச் சொல்லித் தந்தார்கள். ஆச்சரியமாக இருக்கிறது, அதுவே பாதியைத் தணிக்கிறது.

விளக்கு ஏற்றலாமா என்று சித்தி கேட்டார். ஆக்சிஜன் இருப்பதால் தீ கூடாது. திருநீறு வைத்துக் கைபேசியில் மெதுவாகப் பதிகம் வைக்கச் சொன்னார்கள்.

ஒரே தகராறு சாப்பாடு. அண்ணன் மூன்று மணிக்கொரு தடவை சத்துப்பாலைக் கரைத்துக்கொண்டு வருகிறான். அம்மா இரண்டு கரண்டிக்கு மேல் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். டிரிப் போடுங்கள் என்று அவன் மிஸ்ஸிகளிடம் கெஞ்சுகிறான். பட்டினியில் விட்டுவிட்டோமோ என்று இருக்கிறது.

ரவாங் மிஸ்ஸி | வெள்ளி, அதிகாலை 5.40

பட்டினி இல்லை தங்கச்சி. நோய் முற்றும்போது உடம்பு உணவை வாங்கிக்கொள்வதை நிறுத்தத் தொடங்கும். பசி என்ற உணர்வே இருக்காது. அந்த நேரத்தில் டிரிப் ஏற்றினால் பலருக்குத் தண்ணீர் காலிலும் நுரையீரலிலும்தான் போய்ச் சேரும், மூச்சு இன்னும் வாங்கும். டிரிப் தேவைப்படும் நேரமும் உண்டு, அதை டாக்டர் பார்த்துச் சொல்வார்.

சோறூட்டித்தான் நம் வீடுகளில் அன்பைக் காட்டத் தெரியும். அந்தக் கை சும்மா இருக்க வேண்டாம். அண்ணனிடம் அம்மாவின் காலை எண்ணெய் தடவிப் பிடித்துவிடச் சொல்லுங்கள். அம்மா கேட்டதை, கேட்ட நேரத்தில், கேட்ட அளவு கொடுங்கள். இரண்டு கரண்டி கஞ்சி என்றால் இரண்டு கரண்டி.

இப்போது அடுத்ததைக் கேளுங்கள். வீட்டுக்குப் போக அம்மாவுக்கு ஆசையா? ஆசை என்றால் இன்றே டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள். ஹாஸ்பிஸ் மலேசியா என்று செராஸில் இருக்கிறது, 1991-இல் தொடங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க டாக்டரும் மிஸ்ஸியும் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரி டாக்டர் பரிந்துரை எழுதி அனுப்பவேண்டும். பினாங்கிலும் வீட்டுக்கு வரும் ஹாஸ்பிஸ் சேவை உண்டு, அங்கிருந்து படிப்பவர்கள் உங்கள் ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் யாராவது முன்பே சொல்லவேண்டும். வீட்டில் உயிர் போனால் போலீஸ் நிலையத்தில் பதிந்து அடக்க அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். நோயின் விவரம் எழுதிய டாக்டர் கடிதமும் அம்மாவின் அடையாள அட்டையும் ஒரே உறையில் இருக்கட்டும். அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்கக்கூடாது. கடைசி நேரத்தில் பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அம்மா விரும்பாத அவசரப் பிரிவில் போய் நிற்கும் குடும்பங்கள் நிறைய. யாருக்கு முதலில் போன் செய்வது என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

கெப்போங் தம்பி | வெள்ளி, காலை 11.00

அந்த உறை எங்களிடம் இல்லை. பெரியம்மா இறந்த அன்று பாதி நாள் நிலையத்துக்கும் கிளினிக்குக்கும் அலைந்தோம். இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து செய்துவையுங்கள்.

செந்தூல்மகள் | புதன், இரவு 9.10

அம்மா திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். சக்கர நாற்காலியில்தான். அண்ணன் ஒரு மாதம் விடுப்பு எடுத்திருக்கிறான். கட்டிலைக் கூடத்தில் ஜன்னலோரம் போட்டிருக்கிறோம், வாசல் தெரியும். ஹாஸ்பிஸ் மிஸ்ஸி நேற்று வந்தார், வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறார். உறை குளிர்ப்பெட்டிமேல் இருக்கிறது. அம்மாவே அதைப் பார்த்துவிட்டு, பழைய அடையாள அட்டை வைத்திருக்கிறீர்களா புதியதா என்று கேட்டார்.

பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மாவும் வீடு திரும்பியிருக்கிறார். இரண்டு பேரும் தினம் போனில் பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் மீன் விலை.

வலி இப்போது மூன்று. அம்மா சொன்ன மூன்று, நான் சொன்னது இல்லை.

மிஸ்ஸி அக்கா, ஒரே ஒரு சந்தேகம். நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, வாய் காய்ந்து ஒட்டுகிறது, ருசியே இல்லை என்கிறார். வெள்ளிவரை காத்திருக்கவா?

ரவாங் மிஸ்ஸி | புதன், இரவு 9.35

காத்திருக்க வேண்டாம், இப்போதே அவர்களுக்குப் போன் செய்து சொல்லுங்கள். பூஞ்சையாக இருக்கலாம், அதற்குச் சொட்டு மருந்து உண்டு. அதுவரை ஒரு கோப்பைத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா கலந்து, மெல்லிய துணியையோ பஞ்சையோ நனைத்து இரண்டு மணிக்கொரு தடவை வாயைத் துடைத்துவிடுங்கள். உதட்டுக்கு லிப் பாம் தடவுங்கள். வாயில் புண் இல்லையென்றால் அன்னாசியைச் சின்னத் துண்டாக நறுக்கிக் குளிரவைத்துச் சப்பக் கொடுக்கலாம். நாக்கு சுத்தமாகும், எச்சிலும் ஊறும்.

செந்தூல்மகள் | வியாழன், காலை 10.50

இரவே போன் செய்தேன். மருந்துக்குச் சீட்டு அனுப்புகிறார்கள். அண்ணன் ஆறு மணிக்கே செந்தூல் சந்தைக்குப் போய் மூன்று அன்னாசி வாங்கி வந்துவிட்டான். ஒன்று போதும் என்றால் கேட்கவில்லை. சீனிக்கட்டி அளவுக்கு நறுக்கிக் குளிரவைத்து ஒரு துண்டை அம்மா வாயில் வைத்தான்.

"புளிக்குதுடா" என்றார். அப்புறம் இன்னொன்று கேட்டார்.